துப்பாக்கியைக் குளிப்பாட்டலாமா?

சென்ற தீபாவளிக்குச் சுட்டு விளையாடிய பொட்டுத் துப்பாக்கியை இந்த ஆண்டு பரணிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? விசையை இழுத்தால் அசையாது. பொட்டு வெடித்த இடத்தில் துரு தடித்திருக்கும். கைப்பிடியிலோ அவ்வளவு துரு இராது. ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை கண்டுவிட்டால், உண்மையான பழைய துப்பாக்கிகளைக் காக்கும் வழியும் நமக்குப் புரிந்துவிடும்.

பழைய துப்பாக்கிகளுக்கு உணவு கரிமருந்து. அது நம் மாவட்டங்களுக்குப் புதிதன்று. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே கடலோரத்தில் உள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே வெடிமருந்து ஆலை நடத்தி, கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். கரிமருந்தில் ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் உண்டு. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்.

கரிமருந்து எரிந்தால் முழுதும் வாயுவாகிவிடும் என்று நினைப்போம். அது சரியன்று. எடையில் பாதிக்கு மேல் திடப்பொருள்களாகவே மாறுகிறது. பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஒரு பகுதி புகையோடு வெளியேறும். எஞ்சியது குழலின் உட்சுவரில் கறுப்புக் கசடாகப் படியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதுபோல இக்கசடும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் கூடினால் துரு உண்டாகும். நீரில் உப்பும் கரைந்திருந்தால் அது மின்சாரத்தை நன்கு கடத்தும். துருவும் விரைந்து பரவும்.

இனி ஒரு சுழல் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். சாமுவேல் கோல்ட் என்பவர் 1836-இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். குழலுக்குப் பின்னால் ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளை சுழலும். ஒவ்வோர் அறையிலும் மருந்தும் ஈயக்குண்டும் இருக்கும். அறையின் பின்புறத்தில் துளையுள்ள சிறு குமிழ். அதன்மேல் செம்பாலான சிறு தொப்பி. சுத்தியல் தொப்பியை அடிக்க, பொறி துளை வழியே மருந்தை எட்டும். இத்தகைய துப்பாக்கிகளின் மாதிரிகள் இத்தாலியில் 1950-களின் இறுதியிலிருந்து புதிதாகச் செய்யப்பட்டு வருகின்றன.

அப்படி ஒன்று இரண்டாம் கையாக வருகிறது. உருளை சுழலவில்லை. முன்பு வைத்திருந்தவர் எண்ணெய் மட்டும் தாராளமாகப் பூசியிருக்கிறார். தவறு அங்கேதான்! எண்ணெயில் உப்பு கரையாது. அழுக்கு உடம்பின்மேல் புதுச்சட்டை போட்டது போல, கசடு அடியிலேயே தங்கித் தன் வேலையைச் செய்யும். உப்பைக் கரைப்பது நீர். ஆகவே இரும்பைக் காக்க, முதலில் அதை நனைக்கத்தான் வேண்டும்!

தேர்ந்த கம்மியர் முதலில் உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு உருளை, குமிழ்கள், மரப்பிடி ஆகியவற்றைக் கழற்றுவார். மரத்தைத் தனியே வைத்துவிட்டு, உலோகப் பகுதிகளைச் சோப்புக் கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்ப்பார். அப்போது அழுகிய முட்டை நாற்றம் எழும். சல்பைடு நீருடன் சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாவதே காரணம். நல்ல நீரில் அலசி, இடுக்கில் ஒரு துளியும் இல்லாமல் உலர்த்திய பின்னரே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. எண்ணெய் தேவைதான், ஆனால் அது கடைசியில்.

புதிய மாதிரியில் எஞ்சிய துருவை எண்ணெய் தொட்ட எஃகு நாரால் தேய்த்து எடுக்கலாம். பழங்காலத் துப்பாக்கியில் அவ்வாறு செய்யலாகாது. துருவோடு செய்தவரின் முத்திரையும் எண்ணும் போய்விடும். பிறகு அது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று யார் சொல்வது? இத்தகைய பொருள்களுக்காகவே சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. களிம்பு அரித்த செப்புத் திருமேனிகளை அங்கே மின்பகுப்பு முறையில் மீட்டார்கள்.

துப்பாக்கி வைத்திருக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. பழைய துப்பாக்கி எங்கேனும் கிடந்தால் தொடாதீர்கள். பல ஆண்டுகள் கழிந்தும் உள்ளே மருந்து உயிருடன் இருக்கலாம். பெரியவர்கள் மூலம் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

உங்களுக்கு ஒரு துருப்பிடித்த ஆணி போதும். கடுக்காய்த் தூளை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். ஆணியைக் கழுவி, உதிரும் துருவைத் தட்டிவிட்டு, ஒருநாள் அதில் ஊறவிடுங்கள். செந்துரு கருநீலமாகும். கடுக்காயிலுள்ள டானின் இரும்புடன் சேர்வதே காரணம். நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதும் இந்த வினையால்தான். டானிக் அமிலம் பூசி இரும்புப் பொருள்களைக் காப்பது அருங்காட்சியகங்களிலும் வழக்கம்.

கும்மிடிப்பூண்டி ஆலைகளின் உலைக்குப் போகும் பழைய இரும்பில் துரு இருந்தால் என்ன, எழுத்து இருந்தால் என்ன, எல்லாம் உருகிக் கம்பியாகிவிடும். எதை உருக்கலாம், எதைக் காக்க வேண்டும் என்று அறிவதற்கும் வேதியியல் வேண்டும். பரணில் உள்ள பொட்டுத் துப்பாக்கியை இந்த முறை ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, எண்ணெய் தொட்டு வையுங்கள். அடுத்த தீபாவளிக்கு விசை அசைகிறதா என்று பாருங்கள்.