நின்றுபோன கரு: பழி யார் மேல்?



குடும்ப நலம் என்றாலே சிவப்பு முக்கோணமும் கருத்தடையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பிள்ளை போதும் என்பவர்களுக்கு வழி சொல்வது போல, பிள்ளை வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கு வழி சொல்வதும் குடும்ப நலப் பணிதான். இந்தப் பிரசுரம் அவர்களுக்காக. அவர்களைவிட, அவர்கள் வீட்டு மாமியார், நாத்தனார், அண்டை அயலாருக்காக.

படியேறியது குற்றமா?

ஸ்ரீரங்கத்தில் ஒரு தாய்மார் கூட்டம். பேசி முடித்த பிறகும் ஒரு பெண் போகாமல் தூணோரமாக நின்றாள். வயது 34. கல்யாணமாகி எட்டு வருஷம். கடன் வாங்கிச் சோதனைக்குழாய் சிகிச்சை செய்துகொண்டவள்.

"பத்து முட்டை எடுத்தாங்கம்மா. ஆறு கருவாச்சுன்னு போன் வந்துச்சு. வீட்ல பாயசம் வச்சோம். மூணாம் நாள் நாலுதான் நல்லா இருக்குன்னாங்க. அஞ்சாம் நாள், எல்லாமே வளராம நின்னுடுச்சுன்னு சொல்லிட்டாங்க. ரெண்டாம் நாளு நான் மலைக்கோட்டைக்குப் படியேறி, தாயுமானவருக்கு வாழைத்தார் வேண்டிக்கிட்டு வந்தேன். படியேறினதாலதான் போச்சுன்னு மாமியார் சொல்றாங்க. ஏறியிருக்கக் கூடாதாம்மா?"

"அந்த ரெண்டாம் நாளு உன் கரு எங்கே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "ஆஸ்பத்திரி பெட்டிலதாம்மா."

"நீ படியேறினது அதுக்கு எப்படித் தெரியும்?"

முதலில் சிரித்தாள். பிறகு வெகு நேரம் அழுதாள்.

முட்டை எடுத்த சில நாட்கள் சினைப்பை வீங்கியிருக்கும். ஓய்வாக இருக்கும்படி டாக்டர் சொல்வது அந்தப் பெண்ணின் உடம்புக்காக. கரு அப்போது அவள் வயிற்றிலேயே இல்லை. 37 டிகிரி வெப்பத்தில், ஆய்வுக்கூடப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆகவே படியேறியது, குடம் தூக்கியது, பப்பாளி தின்றது, கண்ணேறு பட்டது ஆகிய எதுவும் அதை நிறுத்த முடியாது.

ஐந்து நாளில் நடப்பது என்ன?

முதல் நாள்: முட்டைக்குள் தாயின் பங்கு, தந்தையின் பங்கு என இரண்டு கருப்பொருள்கள் தெரியும். முட்டை கருவுற்றது என்பதற்கு இதுவே அடையாளம்.

இரண்டாம் நாள்: சுமார் 4 செல்கள்.

மூன்றாம் நாள்: சுமார் 8 செல்கள்.

நான்காம் நாள்: செல்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக் கட்டியாகும்.

ஐந்தாம், ஆறாம் நாள்: நடுவில் நீர் கோத்த சிறு பந்துபோல ஆகும். உள்ளே ஒதுங்கிய செல்கள் குழந்தையாகவும், வெளிச்சுவர் நஞ்சுக்கொடியாகவும் வளர வேண்டியவை.

நல்ல ஆய்வுக்கூடத்திலும், கருவுற்ற முட்டைகளில் ஏறக்குறைய பாதிதான் இந்த ஐந்தாம், ஆறாம் நாள் நிலையை எட்டுகின்றன. மற்றவை வழியில் நின்றுவிடும். ஆறில் மூன்று நின்றால் அது வழக்கமான கணக்கு. ஆறும் நிற்பது துயரம்தான், ஆனால் அதிசயமல்ல.

ஏன் நிற்கிறது?

1. முட்டை முதிரும்போது வரும் பிழை. நம் செல் ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் உண்டு. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23. ஒரு பெண்ணின் முட்டைகளெல்லாம், அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கட்டும் அன்றைக்குப் போட்டதுதான். நம் பூச்சந்தையில் வாழைநாரால் பூக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரநார் இறுகப் பிடிக்கும். நாள்பட்டுக் காய்ந்தால் தளரும், பூ உதிரும். அதுபோல வருஷம் ஏற ஏறக் கட்டுத் தளர்ந்து, 23க்குப் பதில் 22 அல்லது 24 என்று தவறிப் போகிறது. 35 வயதுக்கு மேல் இது வேகமாகக் கூடும். 40 வயதைத் தாண்டினால் பாதிக்கு மேற்பட்ட கருக்களில் இந்தப் பிழை இருக்கும்.

2. கரு பிரியும்போது வரும் பிழை. முட்டையும் விந்தணுவும் சரியாக இருந்தும், முதல் இரண்டு மூன்று பிரிவுகளில் கணக்குத் தவறலாம். இரண்டு பேருக்குப் பாகம் பிரிக்க வேண்டிய சொத்தை மூன்று பேர் இழுத்தால் என்ன ஆகும்? செல் இரண்டாகப் பிரியாமல் மூன்றாகப் பிரிந்தாலும் அதே கதிதான். இளம் பெண்களின் கருவிலும் இது நடக்கிறது. வயதைக் காரணம் சொல்ல முடியாது.

3. கட்டுச்சோறு தீர்ந்து, அடுப்பு மூளாமல் போவது. முதல் இரண்டு மூன்று நாள் கரு சொந்தமாக எதுவும் சமைப்பதில்லை. முட்டைக்குள் தாய் கட்டிவைத்த கட்டுச்சோற்றில் காலம் தள்ளுகிறது. 4 செல், 8 செல் ஆகும் கட்டத்தில் அதன் சொந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்க வேண்டும். மனிதக் கருவில் இந்த மாற்றம் நடக்கும் கட்டத்தை இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1988ல் எடுத்துக் காட்டினார்கள். சொந்த அடுப்பு மூளாவிட்டால் கரு அங்கேயே நிற்கும். மூன்றாம் நாளை ஒட்டிப் பல கருக்கள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. தந்தையின் பங்கு. 23 குரோமோசோம்களோடு, செல் பிரிவதற்கு வேண்டிய ஒரு முக்கிய உறுப்பும் விந்தணுவிலிருந்துதான் வருகிறது. விந்தணுவின் மரபுப் பொருள் சேதப்பட்டிருந்தால், முதல் இரண்டு நாள் நன்றாக வளர்ந்த கருவும் பிறகு நிற்கலாம்.

5. அரிதான மரபணுக் குறை. சில பெண்களுக்கு ஒவ்வொரு முறையும் எல்லாக் கருவும் ஒரே கட்டத்தில் நிற்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அவர்களுக்கு வந்த குறை அது. உறவுக்குள் மணம் செய்த குடும்பங்களில் இது தென்பட வாய்ப்பு அதிகம். அக்கா மகள், மாமன் மகள் கல்யாணம் நம் பக்கம் சகஜம். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வீட்டிலே கரு உண்டானால்?

அங்கேயும் இதே கதைதான். வயிற்றுக்குள் பல கருக்கள் முதல் வாரத்திலேயே நின்றுவிடுகின்றன. தீட்டு நாள் தள்ளாமல் வரும். கரு உண்டானதே யாருக்கும் தெரியாது. சிகிச்சையில் நாள்தோறும் எண்ணிச் சொல்வதால் தெரிகிறது. தெரிவதால் நோகிறது.

இந்தச் சிகிச்சையின் பிறப்பே அப்படித்தான். 1978 ஜூலை 25ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறக்கும் முன்பு, டாக்டர் ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் ஏறக்குறைய பத்தாண்டு தோல்விமேல் தோல்வி கண்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 3ல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் துர்கா பிறந்தாள். 1986ல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவும், 1990ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜும் வெற்றி கண்டார்கள். கைதேர்ந்தவர்கள் கையிலும் கரு நிற்கத்தான் செய்கிறது.

டாக்டரிடம் கேளுங்கள்

• எடுத்த முட்டைகளில் முதிர்ந்தவை எத்தனை? கருவுற்றவை எத்தனை?

• எந்த நாளில், எத்தனை செல்லில் நின்றன?

• அடுத்த முறை மருந்திலோ முறையிலோ மாற்றம் உண்டா?

• எங்கள் இருவருக்கும் மரபணுப் பரிசோதனை தேவையா?

பதிலைத் தாளில் எழுதி வாங்கி வையுங்கள். வேறு டாக்டரிடம் போனாலும் உதவும்.

செய்ய வேண்டியவை

ஒரு வருஷம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் கணவன் மனைவி இருவருமே பரிசோதனைக்குப் போங்கள். பெண்ணுக்கு 35 வயது ஆகிவிட்டால் ஆறு மாதம் போதும், காத்திருக்க வேண்டாம். கணவர் பீடி, சிகரெட், புகையிலையை விட வேண்டும். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆவதால், சிகிச்சைக்கு மூன்று மாதம் முன்பே விடுவது நல்லது. மனைவி டாக்டர் சொற்படி ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட வேண்டும். நின்ற கருவை மீண்டும் வளர வைக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி யாராவது விற்றால் ஏமாறாதீர்கள்.

2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மையத்தில்தான் இந்தச் சிகிச்சை நடக்க வேண்டும். பதிவுச் சான்றைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என்பது வயது வரம்பு. ஆணா பெண்ணா என்று பார்த்துக் கருவைத் தேர்ந்தெடுப்பது குற்றம்.

முடிவாக ஒரு வார்த்தை

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெண்ணின் மாமியாரும் வந்திருந்தார். கடைசி வரை பேசவில்லை. எழுந்து போகும்போது மெதுவாக, "என் மவன் புகையிலை போடுவான். அதுவும் காரணமா இருக்குமாம்மா?" என்றார். "இருக்கலாம். விடச் சொல்லுங்க. ஆனா அவன் மேலயும் பழி போட்டுடாதீங்க" என்றேன்.

தாயுமானவர் கதை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. காவிரியில் வெள்ளம், மகளின் பிரசவத்துக்குத் தாய் வந்து சேர முடியவில்லை. இறைவனே தாயாக வந்து பக்கத்தில் நின்றார் என்பார்கள். ஆறு பெருகியதற்கு மகளை யாரும் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது, பக்கத்தில் ஒரு தாய்.

கரு நின்ற வீட்டிலும் வேண்டியது அதுதான்.

மேலும் விவரம் அறிய, உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரையோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவையோ அணுகுங்கள்.

பழி சொல்வதை நிறுத்துவோம்! பக்கத்தில் நிற்போம்!