கையெழுத்துக்கு முன்னால் ஒரு நாவல்

அன்புள்ள கண்ணுவுக்கு மாமா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. குழந்தைக்குச் சளி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. “அண்ணன் விடுதலைப் பத்திரம் தயார் பண்ணிட்டாங்க மாமா, வர்ற வாரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தர்றேன். எனக்கெதுக்குங்க பங்கு, பொறந்த வீட்டு வாசப்படி இருந்தாப் போதும்” என்று ஒரே மூச்சில் சொன்னாய். யோசித்துப் பேசும்போது நீ நடுநடுவே நிறுத்துவாய். அன்றைக்கு நிறுத்தவே இல்லை. உங்கப்பா காலமாகி இன்னும் வருசம்கூடத் திரும்பவில்லை, கண்ணு. அதற்குள் என்ன அவசரம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

உன் பங்கு, உன் கையெழுத்து. போடுவதும் போடாததும் உன் விருப்பம். நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு நாவலைப் படித்துவிடு என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. கூரியரில் அனுப்பியிருக்கிறேன். சின்னப் புத்தகம்தான். குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்தால் சில ராத்திரிகளில் முடித்துவிடுவாய்.

அவர் நம் மண்காரர். தாராபுரம் பக்கத்துக் கீரனூர். 2009-இல் திருப்பூர் தனி மாவட்டம் ஆனபோது அவர் ஊரும் நம் மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. 1917-இல் பிறந்தவர், ‘நாகம்மாள்’ வெளிவந்தது 1942-இல். இருபத்தைந்து வயதில் ஒரு ஆண்பிள்ளை, புருசனை இழந்த ஒரு குடியானவப் பெண்ணின் மனசுக்குள் அத்தனை தூரம் போனது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். காடும் கிணறும் சந்தையும் நம் பேச்சும் அப்படியே இருக்கும். பின்னாளில் வங்காள நாவல்களை நிறைய மொழிபெயர்த்தார். ‘பதேர் பாஞ்சாலி’யைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே ‘நாகம்மாள்’.

கதையைச் சொல்லிவிடுகிறேன்; சொன்னாலும் படிக்கிற ருசி குறையாது. நாகம்மாள் விதவை. முத்தாயி என்று ஒரு மகள். கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி காளியம்மாள், இவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். புருசனுடைய பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அவள் பக்கம் நிற்பவனாகக் கெட்டியப்பன் வருகிறான். சின்னப்பன்மேல் பழைய பகை வைத்திருக்கும் மணியகாரர் பின்னால் இருந்து தூண்டிவிடுகிறார். அந்தப் பக்கம் காளியம்மாளின் தாய் வந்து, நிலத்தை விற்றுவிட்டு என் ஊருக்கு வாருங்கள் என்கிறாள். கடைசியில் கெட்டியப்பன் கையால் சின்னப்பன் கொலையாகிறான்.

இந்த நாவலைப் பற்றி எனக்கு நாற்பது வருசக் கோபம் ஒன்று உண்டு. யாரிடம் கொடுத்தாலும் படித்துவிட்டு ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: “பொம்பளை பங்கு கேட்டா குடும்பம் இந்தக் கதிக்குத்தான் ஆகும்.” நன்றாகப் படித்தவர்கள், மேடையில் பேசுகிறவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். கொன்றவன் கெட்டியப்பன். மூட்டிவிட்டவர் மணியகாரர். பழி மட்டும் நாகம்மாளுக்கு. இது எந்த ஊர் நியாயம்?

சின்னப்பன் கெட்டவன் இல்லை, கண்ணு. அதுதான் அந்த நாவலின் பெருமை. உழைக்கிறவன், மண்மேல் உயிரை வைத்திருக்கிறவன். அண்ணிக்குச் சோறு இருக்கிறது, துணி இருக்கிறது, இதற்குமேல் பங்கு எதற்கு என்பதுதான் அவன் மனசு. அண்ணியை உட்காரவைத்து, “நிலம் இவ்வளவு, கடன் இவ்வளவு, உனக்கு என்ன வேணும்?” என்று முகம் பார்த்து ஒரு நாள் கேட்டிருந்தால் கெட்டியப்பனுக்கு அந்த வீட்டில் என்ன வேலை? வீட்டுக்குள் கேட்க வழியில்லாதவள் வெளியாளின் வாயால் கேட்டாள். வெளியாளுக்கு அவனவன் கணக்கு இருந்தது. நான் எத்தனையோ தடவை படித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறேன்.

இன்னொன்றும் கவனி. நாவல் வந்த காலத்தில் சட்டமும் அவளுக்குத் துணையில்லை. 1937-இல் இந்து விதவைகளுக்குச் சொத்துரிமை தரும் சட்டம் ஒன்று வந்தது. ஆனால் விவசாய நிலம் அதில் சேராது என்று 1941-இல் ஃபெடரல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை மாகாணத்தில் விவசாய நிலத்துக்கும் அதை நீட்டித்தது 1947-இல். காட்டையும் தோட்டத்தையும் தவிர வேறு சொத்தே இல்லாத நாகம்மாள் 1942-இல் எங்கே போய் நிற்பாள்?

உன் அம்மிச்சி காங்கயத்துப் பக்கமிருந்து உன் அம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பூருக்கு வந்த கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. நீ கேட்டு வளர்ந்ததுதான். அவர் அன்று கேட்டது மேட்டாங்காட்டில் ஒரு துண்டும் கிணற்றில் ஒரு முறையும். அதற்குள் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் ஊர்க்கூட்டத்தில் யாரும் சட்டம் பேசவில்லை. “குடும்பத்தைப் பிரிக்க வந்தவ” என்றார்கள். அந்தக் காட்டில் அவர் எத்தனை வருசம் களை வெட்டினார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்த்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். சாகிற வரைக்கும் அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. நாகம்மாளை அடங்காப்பிடாரி என்று யாராவது சொன்னால் எனக்கு ஏன் பொறுக்காது என்று உனக்குப் புரியும்.

உன் அண்ணனை நான் சின்னப்பன் என்று சொல்லவில்லை. அவன் நல்ல பிள்ளை. அவன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நின்றது நீதான்; அன்று அவன் கண் கலங்கியதை நானும் பார்த்தேன். நிட்டிங் ஷெட் போட வேண்டும், பேங்க் லோனுக்குச் சொத்து ஒரே பெயரில் இருந்தால் சுலபம் என்கிறான். அதுவும் உண்மைதான். “சீருக்கும் செய்முறைக்கும் நான் குறை வைக்க மாட்டேன்” என்று அவன் சொல்வதும் மனசிலிருந்து வருவதுதான். எனக்குப் பயம் வேறே இடத்தில்.

உனக்குப் பிடித்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படம் ஜேன் ஆஸ்டின் என்ற அம்மையாரின் ‘சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி’ நாவலை வைத்து எடுத்தது. 1811-இல் வந்த நாவல். அதன் இரண்டாவது அத்தியாயத்தைக் கணக்கு எழுதுகிற யாராலும் மறக்க முடியாது. சாகக் கிடக்கும் அப்பா, மூத்த தாரத்து மகன் ஜானைக் கூப்பிட்டு, உன் சின்னம்மாவையும் தங்கைகள் மூன்று பேரையும் பார்த்துக்கொள் என்கிறார். அவனும் சரி என்கிறான். மனசாரத்தான் சொல்கிறான். தங்கை ஒன்றுக்கு ஆயிரம் பவுண்டு, மொத்தம் மூவாயிரம் கொடுப்பதாக நினைத்துக்கொள்கிறான். அப்புறம் பெண்டாட்டியோடு பேச உட்காருகிறான். ஆயிரம் ஐந்நூறாகிறது. அதுவும் வேண்டாம், தாய்க்கு வருசம் நூறு என்று ஆகிறது. அந்தம்மா நெடுநாள் இருந்துவிட்டால் நஷ்டம் என்று அவள் சொல்ல, அவ்வப்போது ஐம்பது என்று இறங்குகிறது. கடைசியில் பணமே வேண்டாம். வீடு மாற ஒத்தாசை செய்வோம், பருவத்துக்கு மீனும் வேட்டைக் கறியும் அனுப்புவோம் என்று முடிகிறது. ஒரே பேச்சில் மூவாயிரம் ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. ஜான் கொடுமைக்காரன் இல்லை. எழுதிவைக்காத வாக்கு அவன் கையில் இருந்தது, அவ்வளவுதான். உன் அண்ணிமேல் நான் எதையும் சுமத்தவில்லை. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், அவள் கவலை அவளுக்கு. எழுத்தில் இல்லாத வாக்கு வருசா வருசம் தேயும், யார் வீட்டிலானாலும்.

நான் கணக்கெழுதிய காலத்தில் பார்த்ததையும் சொல்கிறேன். திருப்பூரில் ஒன்றுமில்லாமல் வந்து முதலாளி ஆனவர்களின் பெருமை ஊரறிந்தது. அவர்கள் உழைப்பு பொய்யில்லை. ஆனால் பல கம்பெனிகளின் முதல் வருசப் பேரேட்டில் மூலதனக் கணக்கை என் கையால் எழுதியிருக்கிறேன். முதலாளி பெயரில் இவ்வளவு வரவு என்று ஒரே வரி. அது வீட்டம்மா கழற்றிக் கொடுத்த நகை என்றும், அக்கா கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்த காடு என்றும் எனக்குத் தெரியும், பேரேட்டுக்குத் தெரியாது. பிற்பாடு கம்பெனி வளர்ந்து, வெள்ளிவிழாவில் மாலை போடும்போது அந்த அக்காக்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’யும் உனக்கு அனுப்பத்தான் போகிறேன். 2004-இல் வந்தது, பனியன் தொழிலோடு சேர்ந்து வளரும் ஐந்து நண்பர்களின் கதை. இந்த ஊர் மனிதரை எப்படித் தூக்குகிறது, எப்படிக் கீழே போடுகிறது என்று அதைப் படித்தால் தெரியும்.

கீழே போடவும் செய்யும், கண்ணு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மொத்தமும் மூடியபோது, நிட்டிங் வைத்திருந்தவர்களும் துணியைச் சாயத்துக்கு அனுப்ப வழியில்லாமல் தவித்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியபோது ஆர்டர் கையில் இருந்தவர்களே ராத்திரி தூங்கவில்லை. நல்லபடி நடந்தால் உன் அண்ணன் நன்றாக இருப்பான். நான் தினம் வேண்டிக்கொள்கிறேன். சரிந்தால் பேங்க் எடுத்துக்கொள்ளும் காட்டில் உன் பங்கும் இருக்கும். மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமில்லை என்று நீயே சென்ற மாதம் சொன்னாய். அன்றைக்கு நீ எங்கே போவாய்?

நாகம்மாளுக்கு இல்லாதது உனக்கு இருக்கிறது. 1989-லேயே தமிழ்நாடு மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்துவிட்டது. 2005-இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. அந்த உரிமை பிறப்பால் வருவது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. இத்தனை வருசம் எத்தனையோ பேர் போராடி வாங்கியதை, பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பதிவான பிறகு, யோசிக்காமல் போட்டுவிட்டேன் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அதனால் போடாதே என்று சொல்கிறேன் என்று நினைக்காதே. விட்டுக்கொடுக்கவும் உனக்கு உரிமை உண்டு, தெரிந்து விட்டுக்கொடு. முதலில் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வாங்கிப் பார். எத்தனை ஏக்கர், யார் யார் பெயர், அதன்மேல் ஏற்கெனவே கடன் இருக்கிறதா என்று உனக்குத் தெரியுமா? அன்றைக்கு நான் கேட்டபோது தெரியாது என்றுதான் சொன்னாய். பிறகு உன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணனிடம் நேரில் பேசு. தூது வேண்டாம், என்னையும் தூதாக வைக்காதே. நாகம்மாளைக் கெடுத்தது தூதுதான்.

என்னைக் கேட்டால் ஒரு வழி சொல்வேன். உன் பங்கை அவன் கம்பெனியில் மூலதனமாகப் போடு. கூட்டு ஒப்பந்தம் எழுதி, பேரேட்டில் உன் பெயரில் வரவு வைக்கச் சொல். லாபம் வந்தால் உனக்கும் ஒரு பங்கு. நஷ்டத்தில் உன் பொறுப்பு எதுவரை என்று ஆடிட்டரிடம் கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு லோன் கிடைக்கும், உனக்கு உன் பெயர் இருக்கும். பேங்கில் கூட்டுப்பெயரை ஏற்க மாட்டார்கள் என்று அவன் சொன்னால், எந்த பேங்க் என்று கேட்டு எனக்குச் சொல், நானே போய் விசாரிக்கிறேன். தங்கை பெயரைப் பேரேட்டில் ஏற்ற மனமில்லாத அண்ணனுக்குத் தங்கையின் காடு மட்டும் எதற்கு? இதைக் கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபமும் இருக்கலாம். அது அவன்மேல் இல்லை, உனக்குத் தெரியும்.

வர்ற வாரம் வேண்டாம், கண்ணு. ஆடி முடியட்டும் என்று சொல். அதற்குள் புத்தகத்தைப் படித்துவிடு.

நிறைய எழுதிவிட்டேன். படிக்கும்போது முகம் சுண்டியிருக்கும், எனக்குத் தெரியும். மாமா திட்டுகிறார் என்று நினைத்துக்கொள்ளாதே சாமி. நீ எந்த முடிவு எடுத்தாலும் எனக்குப் பிரியம் ஒரு இம்மிகூடக் குறையாது. கையெழுத்துப் போட்டுவிட்டேன் மாமா என்று நாளைக்கே போன் செய்தாலும், சரி கண்ணு, நல்லா இரு என்றுதான் சொல்வேன். உன் அம்மிச்சியின் மனசும் கையும் அப்படியே உனக்கு வந்திருக்கிறது; பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே மிட்டாயைப் பாதி கடித்து அண்ணனுக்குக் கொடுத்தவள் நீ. உன்னை நினைத்தால் எனக்கு எப்போதும் சந்தோசம்தான்.

ஆடிப் பதினெட்டுக்கு இங்கே வந்துவிடு. மாப்பிள்ளையையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. அண்ணன், அண்ணி, உன் அம்மா எல்லோரையும் நானே போனில் அழைக்கிறேன். அத்தை சந்தகைக்கு இப்போதே புழுங்கலரிசி எடுத்து வைத்துவிட்டாள். ஒப்பிட்டும் போடுவதாகச் சொல்கிறாள். குழந்தைக்குப் பின்னல் தொப்பி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அளவு சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பெருந்துறையில் பஸ் ஏறியதும் போன் பண்ணு, பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்து நிற்கிறேன்.

உன் மாமா
திருப்பூர்