வெட்டிய கிறிஸ்துமஸ் மரம் மறுபடி துளிர்க்குமா?

துளிர்க்காது. பண்டிகை முடிந்து ஜனவரி பிறந்தாலும் இலைகள் பச்சையாகவே இருக்கும். அதைப் பார்த்துத்தான் தோட்டத்தில் நட்டுப் பார்க்கலாமே என்று பலருக்கும் ஆசை வருகிறது. அந்தப் பச்சை, தண்டு உறிஞ்சிய தண்ணீரின் புண்ணியம். முருங்கைக் கொம்பை ஊன்றினால் வேர்விடும். ஃபிர், ஸ்ப்ரூஸ் மரங்களின் முற்றிய தண்டுக்கு அந்தக் குணம் கிடையாது.

ஆறடி நார்ட்மன் ஃபிர் ஒன்று வளரச் சுமார் பத்து ஆண்டுகள் ஆகும். அதைச் சில வாரங்களில் தெருவோரம் போட மனம் வராதவர்கள் வேரோடு உள்ள மரத்தை வாங்கலாம். பிரிட்டனில் இது இரண்டு விதமாகக் கிடைக்கும்: தொட்டியிலேயே வளர்ந்தது, வயலில் தோண்டித் தொட்டிக்கு மாற்றியது. இரண்டாவதில் பாதி வேர் வெட்டுப்பட்டிருக்கலாம். கடையில் தொட்டியைத் தூக்கி அடித்துளைகளைப் பாருங்கள். வெளிர்நிற வேர்நுனி எட்டிப்பார்த்தால் பெரும்பாலும் தொட்டியில் வளர்ந்த மரம்தான். உயரத்துக்கு ஆசைப்படாமல் மூன்று, நான்கு அடியில் எடுங்கள். சிறியதுதான் எளிதாகப் பிழைக்கும்.

கனடா போன்ற கடுங்குளிர் நாடுகளில் மண் உறைவதற்கு முன்பே, நவம்பரிலேயே, பண்டிகைக்குப் பின் மரத்தை நடுவதற்கான குழியை வெட்டிவிடுங்கள். ஆழம், வேரைச் சுற்றியுள்ள மண்கட்டியின் உயரமே போதும். அகலம் அதைப்போல் இரண்டு மடங்கு. யாரும் தடுக்கி விழாமல் குழியைப் பலகையால் மூடி, எடுத்த மண்ணை கராஜில் வையுங்கள்.

மரத்தை நேரே கூடத்துக்குக் கொண்டுவராதீர்கள். மூன்று நான்கு நாள் கராஜில் இருக்கட்டும். வீட்டுக்குள் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். இந்தக் கணக்கில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. வெப்பத்தில் மரம் வசந்தம் வந்துவிட்டதென்று விழித்துக்கொள்ளும். மொட்டு பிரிந்தபின் வெளியே வைத்தால் பனி அதைக் கருக்கிவிடும். ஹீட்டரிலிருந்து தள்ளி வைத்து, மண் காயாமல் நீர் ஊற்றுங்கள். எல்இடி விளக்கு நல்லது, சூடு குறைவு.

வெளியே போகும்போதும் கராஜில் சில நாள் தங்க வேண்டும். பிறகு தொட்டியைக் கழற்றி, சுருண்ட வேர்களைக் கையால் பிரித்துவிட்டு நடுங்கள். தண்டு வேராக விரியும் இடம் மண்மட்டத்தில் இருக்க வேண்டும், புதைந்தால் அழுகும். உரம் வேண்டாம். நன்றாக நீர் விட்டு, தண்டைத் தொடாமல் மரச்சில்லுகளால் மூடாக்குப் போடுங்கள். முதல் கோடையில் தண்ணீர் தவறக் கூடாது.

பண்ணைக்குப் போய் நீங்களே வெட்டுவதானால், அடியில் ஓர் அடுக்குக் கிளையை விட்டு வெட்டலாமா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். மிஞ்சிய கிளையொன்று நிமிர்ந்தோ, அடிக்கட்டையில் முளை கிளம்பியோ புது மரம் உருவாகும். வலுவான ஒன்றை வைத்து மற்றதை நறுக்கிவிடுவார்கள். வேர் பழையது என்பதால் கன்றைவிட வேகமாக வளரும்.

ஏற்கெனவே வெட்டிய மரம் வீட்டில் இருந்தால் ஜோடனைகளைக் கழற்றி நகராட்சியின் சேகரிப்பில் சேர்த்துவிடுங்கள். சில்லுகளாக்கி மூடாக்காகப் பயன்படுத்துவார்கள். இங்கிலாந்தின் லிதம் செயின்ட் ஆன்ஸ் கடற்கரையில் இத்தகைய மரங்களை வரிசையாகப் புதைத்து மணல்மேடுகளைக் காக்கிறார்கள்.