வாழைச் சாம்பலும் உயிர்டீசலும்

தாவர எண்ணெயாற் பொறியை இயக்கலாமென்பது புதுச் செய்தியன்று. 1900ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் நிகழ்ந்த உலகக் கண்காட்சியிலே டீசல் பொறியொன்று நிலக்கடலை எண்ணெயில் இயங்கிக் காட்டியது. ஆயின் தாவர எண்ணெய் டீசலினும் ஏறத்தாழப் பத்து மடங்கு பாகுத்தன்மை உடையது. அதனை அவ்வாறே பயன்படுத்தின், நாளடைவிற் பொறியினுட் கரி படிந்து ஊறு விளையும். 1937ஆம் ஆண்டிற் பிரசெல்சு நகரத்துச் சவான் என்பார், எண்ணெயை மதுசாரத்துடன் தாக்கமுறச் செய்து எசுத்தராக்கி இவ்விடரை நீக்கும் முறைக்குப் பெல்சிய நாட்டு ஆக்கவுரிமை பெற்றார். இன்று நாம் உயிர்டீசல் என வழங்குவது இவ்வெசுத்தரையே.

எண்ணெயின் மூலக்கூறு, ஒரு கிளிசரோலிற் பிணைந்த மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகளால் ஆயது. மெதனோல் மூலக்கூறுகள் மூன்று அச்சங்கிலிகளை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ள, கிளிசரோல் விடுபட்டு அடியிலே தங்கும். மெதனோல் தானாக இதனை விரைந்து செய்யமாட்டாது. காரமொன்று அதன் புரோத்தனைக் கவர்ந்து மெதொட்சைட்டு அயனாக்குதல் வேண்டும். அக்காரமே ஈண்டு ஊக்கியாகும். பொதுவாகச் சோடியமைதரொட்சைட்டையோ பொற்றாசியமைதரொட்சைட்டையோ எண்ணெயின் நிறையில் நூற்றிலொரு பங்களவில் இட்டு, ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு மணி நேரங் கலக்குவர்.

இக்காரத்தைக் கடையில் வாங்காது, பயிர்க் கழிவிலிருந்தே பெறலாகாதா? அசாம் நாட்டுப் பெண்டிர் இவ்வினாவுக்கு நெடுங்காலத்துக்கு முன்னரே விடை கண்டிருந்தனர். விதையுள்ள ஒருவகை வாழையின் தோலை உலர்த்தி எரித்து, அச்சாம்பலினூடாக நீரை வடித்து எடுப்பது அவர்தம் 'கலாகார்'. அதனைக் கறிக்கும் இடுவர். துணி வெளுக்கவும் கொள்வர். அப்பெயரிலுள்ள 'கார்' என்பதும் நம் 'காரம்' என்பதும் ஒரே வடசொல்லின் வழிவந்தனவே. வாழைச் சாம்பலிற் பொற்றாசியங் காபனேற்று மிகுதி. பொற்றாசியம் என்னும் பெயர்தானும் சட்டிச் சாம்பல் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்ததாகும்.

2011ஆம் ஆண்டில் டேக்கா, பசுமதாரி என்னும் அசாமிய இரசாயனவியலார் இருவர், இவ்வாழையின் தண்டை எரித்த சாம்பலைக் கொண்டு மஞ்சள் அலரி விதை எண்ணெயை உயிர்டீசலாக்கியமையை வெளியிட்டனர். அலரி விதை நச்சுடையது. ஆதலின் உணவெண்ணெயோடு போட்டியிடாது. 32 பாகை வெப்பநிலையில், அடுப்பின்றியே, மூன்று மணி நேரத்தில் 96 சதவீத விளைவு கிடைத்தது. இது கேட்டு வியவாதார் யார்!

எனினும் வியப்போடு கணக்கையும் பார்த்தல் நம் கடன். அங்கே இட்ட சாம்பல் எண்ணெயின் நிறையில் ஐந்திலொரு பங்கு. அஃதாவது 100 கிலோகிராம் எண்ணெய்க்கு 20 கிலோகிராம். வாழைத்தண்டிற் பத்திலொன்பது பங்கு நீரென்றும், உலர்ந்ததில் எட்டிலொரு பங்கு சாம்பலாகுமென்றும் கொள்வோமாயின், அதற்கு வேண்டும் பச்சைத் தண்டு 1600 கிலோகிராம். அவ்வளவையும் வெட்டிச் சுமந்து உலர்த்துவார் யாவர்? மெதனோலும் அவ்வாறே. எண்ணெய் மூலக்கூறொன்றுக்கு மூன்று போதுமாயிருக்க, இருபது இட்டனர். 100 கிலோகிராம் எண்ணெய்க்கு ஏறத்தாழ 73 கிலோகிராம் மெதனோலாகும். தாக்கத்திற் செலவாவதோ 11 மாத்திரமே. எஞ்சியதைக் காய்ச்சி வடித்து மீட்கும்போது, மிச்சப்பட்ட வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேயாதல் வேண்டும்.

இத்தகு சாம்பலைக் 'கரையாத திண்ம ஊக்கி. மீளமீளப் பயன்படும்' என எழுதுவார் பலர். மாணவர் இதனை ஆய்கூடத்திற் சோதித்தறியலாம். சாம்பலை மெதனோலிற் கலக்கி வடித்தெடுத்து, தெளிந்த திரவத்தை மாத்திரம் எண்ணெயோடு சேர்க்க வேண்டும். அப்போதும் எசுத்தர் உண்டாகுமாயின், தொழிற்பட்டது திண்மமன்று, கரைந்த பொற்றாசியமே. காபனேற்று மெதனோலிற் கரையுமாதலின், சாம்பல் ஒவ்வொரு முறையும் வலுவிழத்தல் இயல்பே. மெதனோல் கண்ணையும் உயிரையும் போக்கவல்ல நஞ்சு, விரைந்து தீப்பற்றுவது. ஆசிரியர் துணையின்றி அதனைத் தொடற்க. நெல் உமிச் சாம்பலின் இயல்பு வேறு. அதிற் பெரும்பகுதியாகிய சிலிக்கா தானே ஊக்கியாகாது. ஊக்கிக்கு நல்ல இருப்பிடமாகும்.

2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற எம்மவர், இதனை அன்றே செய்திருக்கலாமே எனக் கருதக்கூடும். காரம் வாழைத் தோட்டத்திற் கிடைக்கும், மெதனோல் கிடையாது. அது பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் ஆக்கப்படுவது. செலவிலோ பெரும்பங்கு எண்ணெய்க்கே உரியது. விலைகொடுத்து வாங்கும் காரத்துக்குச் சிறுபங்கே.

ஆகவே சாம்பலின் சிறப்பை நாம் பணமிச்சத்திற் காண்கிலேம். அதன் பின்வாழ்விலேயே காண்கின்றோம். வாழை நிலத்திலிருந்து மிகுதியாகக் கவர்வது பொற்றாசியம். சாம்பலை ஆலைக்குக் கொடுத்துவிட்டால் நிலம் வறுமையுறும். ஆயின் தாக்கம் முடிந்தபின் அப்பொற்றாசியத்திற் பெரும்பாகம் கிளிசரோற் படையில் தங்கும். மெதனோலை நீக்கிப் பொசுபோரிக்கமிலத்தால் நடுநிலையாக்கின், பொற்றாசியம் பொசுபேற்று உப்பாகப் பிரியும். சோடியம் மண்ணை உவராக்கும். இவ்வுப்போ வாழையடிக்கே உரமாகத் திரும்பும்.