வடசென்னையில் கோடை உலா

கேள்வி: கோடையில் ராயபுரம் முதல் காட்டுப்பள்ளி வரை சுற்றிப் பார்ப்பவர்கள் வெயிலைச் சமாளிப்பது எப்படி?

பதில்: கடலோர வடசென்னையில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து வாட்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடல் குளிராது. பெரும்பாலும் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசும். மேல்காற்று வலுத்த நாட்களில் அது தாமதமாகி, வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு.

ஆகவே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை விடியலிலும், 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தையும் திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலையும் முற்பகலிலும் பார்த்துவிடலாம். உச்சிப்பொழுதை நிழலில் கழித்து, எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் மாலையில் செல்வது நல்லது.

தளர்வான பருத்தி உடை, குடை, நீர்மோர், நுங்கு ஆகியவை உதவும். யாருக்காவது தலைசுற்றலோடு மனக்குழப்பமும் தோன்றினால் அவரை நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறியபடியே 108-ஐ அழைக்க வேண்டும்.