செல்போன் திரையில் ஃப்ரீஸா: வில்லன் படமும் வியாபாரியும்

எங்கள் மண்டியில் பில் போடும் தம்பியின் செல்போனைத் திறந்தால் முதலில் தெரிவது சுவாமி படம் அல்ல. வெள்ளை உடம்பு, தலையிலும் தோளிலும் ஊதா நிறப் பளபளப்பு, சிவந்த கண், உதட்டோரம் ஓர் ஏளனச் சிரிப்பு. யாரப்பா இது என்று கேட்டோம்.

"ஃப்ரீஸா, அண்ணாச்சி. டிராகன் பால் வில்லன்."

"வால்பேப்பரில் வைக்க கதாநாயகன் படம் கிடைக்கவில்லையா?"

"ஹீரோவை எல்லாரும் வச்சிருக்காங்க அண்ணாச்சி" என்றான்.

அத்தோடு விட்டிருப்போம். ஆனால் இதே வில்லன் பிறகு நம் சரக்கிலேயே வந்து நின்று நமக்குச் செலவு வைத்துவிட்டான். அதனால் இவனைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டதை உறுப்பினர்களுக்கும் சொல்லுகிறோம்.

டிராகன் பால் என்பது ஜப்பானியச் சித்திரக்கதை. அகிரா டோரியாமா என்பவர் 1984 முதல் 1995 வரை ஒரு வார இதழில் வரைந்தது. 42 தொகுதிகளாக வந்திருக்கிறது. பிறகு டோயி அனிமேஷன் நிறுவனம் இதைத் தொலைக்காட்சிப் படமாக்கி உலகமெங்கும் கொண்டுபோயிற்று. டோரியாமா 2024 மார்ச்சில் காலமானார். ஃப்ரீஸா இந்தக் கதைக்குள் வந்தது 1989-இல்.

இவன் செய்யும் தொழிலைக் கேட்டால் நம் வியாபாரிகளுக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் கோபமும் வரும். இவன் ஒரு நிலத் தரகன். நிலம் என்றால் சென்ட், கிரவுண்ட் கணக்கு அல்ல, முழுக் கிரகம்! படையை அனுப்பி ஒரு கிரகத்தில் குடியிருப்பவர்களைத் தீர்த்துக்கட்டுவான். காலியான கிரகத்தை நல்ல விலை தருபவர்களுக்கு விற்பான்.

இது வெறும் கற்பனை இல்லை. அந்தக் காலத்து ஜப்பானின் நில வியாபாரச் சூதாடிகளைப் பார்த்துத்தான் ஃப்ரீஸாவை உண்டாக்கியதாக டோரியாமாவே சொல்லியிருக்கிறார். 1980-களின் கடைசியில் ஜப்பானில் நிலத்தின் விலை கண்மண் தெரியாமல் ஏறியது. சிறு கடைக்காரர்களையும் வாடகைக்குக் குடியிருந்தவர்களையும் மிரட்டிக் காலி செய்யவைத்து, துண்டு துண்டான மனைகளை ஒன்றாக்கிப் பெரிய கம்பெனிகளுக்கு விற்பதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. 1989 டிசம்பர் 29-இல் டோக்கியோ பங்குச் சந்தைக் குறியீடு 38,915 புள்ளியைத் தொட்டது. அதன்பின் சரிந்தது சரிந்ததுதான். அந்த உயரத்தை மறுபடி தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. வாடகைக் கட்டடத்தில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கதையை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், ஃப்ரீஸா மரியாதை குறையாமல் பேசுகிறவன். மூல ஜப்பானிய மொழியில் தன் அடியாட்களைக்கூட 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவான். நம் வழக்கில் சொன்னால், "வாங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு வேரோடு பிடுங்குகிற ஆள். தன்னிடம் வேலை பார்த்த ஓர் இனம் நாளைக்கு வளர்ந்து எதிர்த்து நிற்குமோ என்று பயந்து, அவர்கள் கிரகத்தையே அழித்தவன். பையன்களுக்கு இவனைப் பிடிப்பதன் காரணம் இந்தப் பேச்சும் சிரிப்பும்தான் போலிருக்கிறது.

மளிகைக்காரர்களுக்கென்றே ஒரு வேடிக்கையும் இதில் உண்டு. கதையில் வரும் பெயர்களில் பாதி நம் கடைச் சரக்கு. ஃப்ரீஸா என்பது ஃப்ரீசர். அவன் தகப்பன் பெயர் கோல்டு. வெஜிடா என்பது வெஜிடபிள், ககரோட் கேரட், ராடிட்ஸ் முள்ளங்கி, நாப்பா கீரை. ஃப்ரீஸாவின் அடியாட்களில் சார்பான் பம்பளிமாசு, டோடோரியா துரியன் பழம். கின்யூ படை என்று ஐந்து பேர் வருகிறார்கள்: பால், கிரீம், வெண்ணெய், சீஸ், தயிர் என்று ஐந்துமே பால் பொருள்கள்! காய், பழம், பால் எல்லாம் ஃப்ரீசருக்குள் அடக்கம் என்று கணக்குப் போட்டு வரைந்திருக்கிறார் மனிதர்.

இனி நமக்கு நடந்தது.

சென்ற ஆண்டு பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், வெளியூர் பேக்கிங்காரர் ஒருவர் பிள்ளைகள் விரலில் மாட்டித் தின்னும் குழல் பாக்கெட் கொண்டுவந்தார். ஐந்து ரூபாய் பாக்கெட். கவரில் பளபளவென்று இந்த ஃப்ரீஸா. பண்டில் 480 ரூபாய் வீதம் 60 பண்டில் எடுத்தோம். பத்து நாளில் 38 பண்டில் சில்லறைக் கடைகளுக்குப் போய்விட்டது. ஒருநாள் தம்பிதான் பாக்கெட்டைக் கையில் எடுத்து, "அண்ணாச்சி, இது நெட்ல இருக்கிற வால்பேப்பர். அப்படியே போட்டிருக்காங்க. உரிமை வாங்கியிருக்காங்களா?" என்று கேட்டான். பேக்கிங்காரருக்குப் போன் போட்டோம். "சும்மா கிடைச்சது அண்ணாச்சி, அதுக்கு யாரு காசு கேக்கப்போறா?" என்றார்.

தெரிந்த வக்கீலிடம் போனோம். அவர் விளக்கியது இது. ஒருவன் தன் செல்போனில் தான் பார்க்க ஒரு படம் வைத்துக்கொள்வது சொந்த உபயோகம். அதே படத்தை அனுமதியில்லாமல் கவரில் அச்சடித்து விற்றால், 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் வந்து நிற்கும். அச்சடித்தவர் மட்டுமல்ல, விற்பவரும் அதில் வருவார். 63-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துள்ள அதிகாரி வாரண்ட் இல்லாமலே சரக்கை எடுத்துப் போகலாம். இது ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்தப் பிரிவில் 'தெரிந்தே' என்று ஒரு சொல் இருக்கிறது. தம்பி கேட்கும் வரை நமக்குத் தெரியாது. கேட்ட பிறகு தெரியாது என்று சொல்ல முடியுமா? நம்மிடம் சரக்கு கோடவுனில் கிடக்கிறது. பள்ளிக்கூட வாசலில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அம்மாவோ ஆறு பண்டிலையும் சரம் சரமாகத் தெருவைப் பார்த்துத் தொங்கவிட்டிருக்கிறார். யாராவது வந்தால் முதலில் மாட்டுவது அவர்தான்.

கடை கடையாக ஆள் அனுப்பித் திரும்ப வாங்கினோம். 21 பண்டில் வந்தது. பணத்தைக் கையோடு கொடுத்தோம். விற்காத 22-ஐயும் சேர்த்து 43 பண்டில். கொள்முதல் விலையிலேயே 20,640 ரூபாய். பேக்கிங்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். கவரைக் கிழித்து, சரக்கை மாட்டுத் தீவனத்துக்குக் கொடுத்தோம். "யார் வந்து பார்க்கப் போகிறார்கள் அண்ணாச்சி?" என்று சிரித்த கடைக்காரர்களும் உண்டு. சிரிக்கட்டும்.

இப்போது பொம்மைப் படம் போட்ட சரக்கு எது வந்தாலும் கவரைத் திருப்பிப் பார்க்கிறோம். டிராகன் பால் படத்துக்கு உரிமை வாங்கியவர்கள் பேர்ட் ஸ்டூடியோ, ஷூயெய்ஷா, டோயி அனிமேஷன் பெயர்களைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த வரியையும் யாரும் களவாக அச்சடிக்கலாம். ஆகவே அனுமதிக் கடிதத்தின் நகல் கேட்கிறோம்; ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் எடுப்பதில்லை.

வால்பேப்பர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படம் தருகிறோம் என்று ஆப் பல இருக்கின்றன. ஒரு படத்தைத் திரையில் வைக்க உங்கள் குறுஞ்செய்தியைப் படிக்கவோ, போன் நம்பர்களைப் பார்க்கவோ அனுமதி தேவையே இல்லை. கேட்டால் அந்த ஆப்பை அப்போதே எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைலாக வருவதைத் தொடவே கூடாது. வங்கியின் ஓ.டி.பி. வருவதும் அதே போனில்தான். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

தம்பியின் போனில் ஃப்ரீஸா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். கடைப் போனில் மட்டும் வேண்டாம் என்றோம். அதில் எங்கள் மண்டிப் பெயர்ப் பலகையைப் படம் பிடித்து வைத்துக் கொடுத்திருக்கிறான்.