காய்ந்த கடலட்டை: காசு சதைக்கா, உப்புக்கா?

காய்ந்த கடலட்டை வாங்கப் போகிறீர்களா? தராசை மட்டும் நம்பாதீர்கள். உயிருள்ள அட்டையை அவித்து உலர்த்தினால் எடையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சுவது அரிது. குறைந்த எடையைக் கூட்டிக் காட்ட உப்பும் சர்க்கரையும்தான் சுலபமான வழி. சீனாவின் 2015ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புத் தரநிலையே நூறு கிராமில் 40 கிராம் வரை உப்பை அனுமதிக்கிறது. சட்டப்படி ஒழுங்கான சரக்கிலேயே இவ்வளவு உப்பு இருக்கலாம் என்றால், ஒழுங்கில்லாததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனவே இனத்தைப் பார்ப்பதற்கு முன் உலர்த்திய விதத்தைப் பாருங்கள். உப்பு சேர்க்காமல் உலர்த்தியது விலை கூடுதல். ஆனால் கல்லாக இருக்கும். இரண்டைத் தட்டினால் மரத்துண்டுகள் மோதும் ஓசை வரும். நிறம் ஒரே சீராக இராது, சாம்பலும் பழுப்புமாகக் கலந்திருக்கும். உப்பில் உலர்த்தியதன் மடிப்புகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். சர்க்கரைப் பாகில் போட்டெடுத்ததுதான் மோசமான ரகம். கன்னங்கரேலென்று பளபளக்கும், முட்கள் அழகாக நிமிர்ந்து நிற்கும், ஈரக்காற்று பட்டால் விரலில் ஒட்டும். கண்ணுக்கு அழகாக இருப்பதால் பலரும் ஏமாறுவது இதில்தான். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தால் இனிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

இனி இனங்கள். ஹாங்காங்கின் ஷியுங் வான் கடைத்தெருவில் எல்லாமே கிடைக்கும். ஜப்பானின் ஹொக்கைடோ, சீனாவின் டாலியன் பகுதிகளிலிருந்து வரும் முள் அட்டை சிறியது, குளிர்கடலில் வளர்வது. ஆளுக்கு ஒன்றாக முழுதாகப் பரிமாறுவார்கள். ஹொக்கைடோ சரக்கின் விலை உச்சத்தில் நிற்கும். விருந்துக்கோ அன்பளிப்புக்கோ சரி, வீட்டுச் சமையலுக்கு அவசியமில்லை.

முள்ளில்லாத வெள்ளை அட்டை நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வாழும் இனம். வெப்பக்கடல் இனங்களில் இதற்கு நல்ல மதிப்பு. யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் இதைப் பண்ணைகளில் வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். இதன் தோலில் சுண்ணாம்புப் படலம் உண்டு. அவித்த அட்டையை ஈரமணலில் புதைத்து, அந்தப் படலம் ஊறிக் கழன்றதும் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்துக் காயவைப்பது பழைய முறை. அந்த வேலையில் அவசரப்பட்டால் தோலில் வெள்ளைத் திட்டுகள் தங்கும். சமைத்தபின் பல்லில் நறநறக்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மாவு உதிர்ந்தால் வாங்காதீர்கள். வயிற்றுக் கீறல் நேராக, சிறியதாக, உட்புறம் மணலின்றிச் சுத்தமாக இருக்க வேண்டும். வயிறு வெடித்ததும் உடல் கோணியதும் அவித்ததில் நேர்ந்த பிழை.

பக்கவாட்டில் காம்பு காம்பாகப் புடைத்த பருத்த இனமும் உண்டு. சதை மிகத் தடிப்பு. ஆனால் நெருப்பில் தோலைக் கருக்கிச் சுரண்டிய பிறகே ஊறவைக்க வேண்டும், பழக்கமில்லாதவருக்கு ஒத்துவராது. அழிவின் விளிம்புக்குத் தள்ளப்படாமலிருக்க 2020 முதல் இதன் பன்னாட்டு வணிகத்துக்கு அனுமதிச் சீட்டு கட்டாயம். கடைக்காரரிடம் அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

ஊறவைத்து உறையவைத்த பொட்டலங்கள் வேலையை மிச்சப்படுத்தும், ஆனால் அங்கே தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். காய்ந்ததை எண்ணெய்ப் பிசுக்கில்லாத பாத்திரத்தில் ஒரு நாள் ஊறவைத்து, கொதிக்கவிட்டு, மூடியபடியே ஆறவிட்டு, தண்ணீர் மாற்றி இரண்டு மூன்று நாள் இதையே திரும்பச் செய்ய வேண்டும். பிசுக்குப் பட்டால் சதை கரைந்து போகும். நல்ல சரக்கு நன்றாகப் பெருத்து, அழுத்தினால் துள்ளும். முதலில் ஒன்றிரண்டு மட்டும் வாங்கி இப்படிச் சோதித்துவிட்டுக் கிலோக் கணக்கில் வாங்குவது புத்திசாலித்தனம்.

முதன்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது: உப்பில்லாமல் உலர்த்திய, நடுத்தர அளவுள்ள, பண்ணை வெள்ளை அட்டை.

ஒன்றை மறக்காதீர்கள். இந்தியாவில் 2001 முதல் கடலட்டைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. பிடிப்பதும் விற்பதும் குற்றம். இலங்கையிலோ சிங்கப்பூரிலோ முறையாக வாங்கியதானாலும் தமிழ்நாட்டுக்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள்.